ஒன்பதாம் நாற்காலியின் முகவரி

அத்தியாயம் 11

காலை ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு நெவெனாவின் கைபேசி மேஜைமேல் நடுங்கியது. திரையில் ஆஸ்திரிய எண்.

பெயர் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஒன்பது வருடங்களில், அவளுடைய பெயர்நாளுக்கு முதல் வாழ்த்து எப்போதும் கணவனின் தம்பி ஓக்னியானிடமிருந்துதான்.

எதிரே கணவன் பிளாமென் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கத்தி நின்றது. வலது பாதம் மேஜைக்கடியில் தரையை அழுத்தியது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் அவன். பதினான்கு வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போட்டுப் பழகிய கால். வீட்டில் யாராவது தம்பியின் பேச்சை எடுத்தாலும் அது தானாகவே அழுந்தும்.

கைபேசி ஏழு முறை நடுங்கி அடங்கியது.

"எடுத்திருக்கலாமே," என்றான், ரொட்டியைப் பார்த்தபடி.

"நீ மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டா எங்கிருந்து எடுக்கிறது?"

சென்ற ஆகஸ்டு வரை அண்ணன் தம்பிக்குள் ஒரு வார்த்தை தடித்ததில்லை. அம்மா ஸ்டாங்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுபோனபோது, மகன்கள் இருவருமே ஒன்றைக் கொடுக்க முன்வந்து பரிசோதனைக்குப் போனார்கள். பிளாமெனுடையது பொருந்தவில்லை. ஓக்னியான் தன் முடிவு வந்த உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பத்தாம் நாள் ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டதென்று பெட்டியோடு கிளம்பிவிட்டான். உறையில் என்ன இருந்தது என்று அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"பயந்து ஓடிட்டான்" என்று பிளாமென் அன்று சொன்னதுதான் இந்த வீட்டின் தீர்ப்பு.

நெவெனாவுக்குத் தனியாக ஒரு கோபம் இருந்தது. ஹாஸ்கோவோ நகரத்தின் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கம்ப்யூட்டர்களையெல்லாம் கவனித்தவன் ஓக்னியான்தான். அவனுக்கு உதவியாக இருந்த அவள் தலையில் ஒரே நாளில் எல்லாம் வந்து இறங்கியது. ஒரு பக்கம்கூட எழுதி வைக்காமல் போய்விட்டான். எட்டு மாதமாகக் கேட்பவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஸ்டாங்கா வாயில் ஒரு பனிக்கட்டியை ஒதுக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். ஒரு நாளைக்கு அவளுக்கு அளந்த தண்ணீர்தான். கட்டியாக உறைய வைத்துச் சப்பினால் கொஞ்சம் நேரம் நிற்கும்.

"ஊர்ல பூவும் மரமும் பேரா வச்சவங்களுக்கெல்லாம் இன்னைக்குப் பெயர்நாள். எல்லார் வீட்டுலயும் கதவு திறந்திருக்கு. பூப்பேர் வச்ச இந்த வீட்டுப் பெயர்நாள்காரி பையை மாட்டிக்கிட்டு வேலைக்குக் கிளம்புறா."

"ஞாயித்துக்கிழமைதாம்மா அங்க நோயாளிங்க கிடையாது. சர்வரை அப்கிரேட் பண்ண வேற நாளே இல்லை. மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்."

"வர்றவங்களுக்கு மீனை யார் பொரிக்கிறது?"

"உங்க பையன்."

ஸ்டாங்கா மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவன் பொரிச்சா மீன் எழுந்து ஆத்துக்கே திரும்பிப் போயிடும்."

"அம்மா, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு உங்க நாற்காலி தயாரா இருக்கணும். அதுக்குத்தான் போறேன்."

ஸ்டாங்காவின் வாயில் பனிக்கட்டி அசைவது நின்றது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம், ஒன்பதாம் நாற்காலி. அதை ஒரு தடவை தவறவிட்டால் இரண்டாம் நாள் கால் வீங்கும், மூன்றாம் நாள் மூச்சு முட்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"சரி, போ," என்றாள். "பெயர்நாளுக்குன்னு கதவுல வில்லோ மரக் கொப்பு மாட்டியிருக்கேன். நல்லதுக்குத் தொட்டுட்டுப் போ."

---

சர்வர் அறையில் நெவெனா தனியாக இருந்தாள். இந்த வேலையில் அவளுக்குப் பயம் அப்கிரேட் அல்ல. அதற்குப் பிறகு வரும் ஒன்றுசேர்ப்புதான்.

புது அமைப்பு வந்து இறங்கும்போது ஒவ்வொரு அமைப்புக் கோப்புக்கும் ஒரு புதுப் பிரதியைக் கொண்டுவரும். பழைய கோப்புகளிலோ இங்கிருப்பவர்கள் வருடக்கணக்கில் திருத்திய வரிகள் இருக்கும். புதியதை அப்படியே வைத்தால் திருத்தம் போய்விடும். பழையதையே வைத்துக்கொண்டால் புது அமைப்பு முரண்டு பிடிக்கும். அதனால் ஒன்றுசேர்க்கும் கருவி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். அவர்கள் முன்பு தந்தது, இப்போது தருவது, இடையில் நாம் மாற்றியது.

முந்நூற்றுப் பதினெட்டுக் கோப்புகளில் முந்நூற்றுப் பதினொன்றை அதுவே சேர்த்துவிட்டது. ஐந்தில் கேள்வி கேட்டது, பதில் சொன்னாள். கடைசி இரண்டில் கேள்வியே கேட்கவில்லை. 'வகை வேறு. வரி வரியாகச் சேர்க்க முடியாது. நீங்களே முடிவு செய்யவும்' என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

முதலாவது, ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களின் முகவரிப் பட்டியல். எந்த நாற்காலியில் எந்த இயந்திரம், அதை எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்பது. புது அமைப்பு அந்த இடத்தில் ஒரு சாதாரணக் கோப்பை எதிர்பார்த்தது. இங்கே இருந்ததோ ஒரு லிங்க். தனக்குள் ஒன்றும் இல்லாமல், 'அங்கே போய்ப் பார்' என்று இன்னோர் இடத்தைக் கைகாட்டும் வெறும் பெயர்.

இரண்டாவது அதைவிட விசித்திரம். ஒரு குழாய். அளவு பூஜ்யம். ஒரு பக்கம் ஒரு நிரல் எதையாவது போட்டால் மறுபக்கம் இன்னொரு நிரல் எடுத்துக்கொள்ளும். நடுவில் எதுவும் தங்காது. நேற்று இவள் நகல் எடுக்கும்போது அந்த இடத்தில்தான் எல்லாம் நாற்பது நிமிடம் உறைந்து நின்றது. கடைசியில் அதை மட்டும் விட்டுவிட்டுத்தான் மற்றதை நகலெடுத்தாள்.

"ஊரெல்லாம் சாதாரணமா இருக்கிறது இவனுக்கு மட்டும் ஏன் கோணலா இருக்கணும்?" என்று திரையிடம் கேட்டாள்.

லிங்க்கைத் திறந்தாள். இருபத்திரண்டு முகவரிகளும் வந்தன. அவற்றை எடுத்துப் புதிய சாதாரணக் கோப்பில் போட்டாள். லிங்க்கை எடுத்துவிட்டு அந்தக் கோப்பை அங்கே வைத்தாள். முன்பிருந்ததையும் இப்போதிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்று. கருவி சமாதானமானது.

குழாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டாள். சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினாள். பதினொன்றரைக்கு எல்லாம் பச்சை.

வீட்டுக்குப் போன் செய்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர் பேசும் சத்தம், எண்ணெய் சீறும் சத்தம்.

"ஒரு மணிக்கு வந்துடுவேன்."

"சீக்கிரம் வா," என்றான் பிளாமென். "அம்மா என் மீனைப் பத்தி வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாச் சொல்லிட்டிருக்காங்க."

---

அவள் பையை எடுக்கும்போது யாவோர் சாக்லேட் பெட்டியோடு வந்து நின்றார். இயந்திரங்களுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் இருபத்தாறு வருடமாகப் பொறுப்பு அவர்தான். யாவோர் என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதால் அவருக்கும் இன்று நாள்.

"எடும்மா. ரெண்டா எடு. ஒண்ணு எடுத்தா எனக்குக் கோபம் வரும்."

"உயிரோடயும் சுகமாவும் இருங்கண்ணே. நான் உங்களுக்கு ஒண்ணுமே கொண்டு வரலையே."

"நீ சர்வரைப் பொழைக்க வச்சியே, அது போதும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். ஒன்பதாம் நம்பர் இயந்திரம் வெள்ளிக்கிழமை கசிஞ்சுது இல்லையா, அதைக் கழட்டிட்டு வேற வச்சிருக்கேன். அதை என் திரையில பதியப் போனா 'அனுமதி இல்லை'ங்குது. வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லா இருந்துச்சு. இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவனை யாருன்னு கேட்குது."

நெவெனா சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். அரை நிமிடத்தில் சிரிப்பு போய்விட்டது.

யாவோரின் திரை பழைய லிங்க் வழியாகப் போய், அது கைகாட்டிய இடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. அங்கே எழுத அவருக்கு அனுமதி உண்டு. இப்போது வழியில் லிங்க் இல்லை. அவள் வைத்த சாதாரணக் கோப்பு இருக்கிறது. அதில் எழுத அவளைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை.

"என்னம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

"அண்ணே, உங்க வீட்டுக் கதவுல 'நான் எதிர்வீட்டுல இருக்கேன், அங்க வாங்க'ன்னு ஒரு சீட்டு ஒட்டியிருக்கீங்கன்னு வைங்க. நான் வந்து அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, உங்க போட்டோவைப் பெருசா ஒட்டி வச்சுட்டேன். பார்த்தா நீங்களேதான். ஆனா யாராவது கூப்பிட்டா அது வந்து கதவைத் திறக்காது."

"சரி, சீட்டைத் திரும்ப ஒட்டு."

"அதுல எந்த வீடுன்னு எழுதியிருந்துச்சுன்னு நான் படிக்கலையே."

"நகல் எடுத்திருப்பியே?"

எடுத்திருந்தாள். நேற்றைய நகலைத் திறந்தாள். அங்கேயும் சாதாரணக் கோப்புதான் இருந்தது. கல்லூரி நாளிலிருந்து கை பழகிய ஒரு கட்டளையைத்தான் நேற்றும் கொடுத்திருந்தாள். அது எந்த லிங்க்கைக் கண்டாலும் அது காட்டும் இடத்துக்கே போய், அங்கிருப்பதை எடுத்து வந்து வைக்கும். லிங்க்கை லிங்க்காகவே நகலெடுக்காது. இத்தனை வருடம் அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

"நகல்லயும் போட்டோதாண்ணே இருக்கு," என்றாள்.

தரவு வட்டில் தேடினாள். அதே பட்டியல் இரண்டு இடங்களில் இருந்தது. ஒரே அளவு, ஒரே தேதி, ஒரே எழுத்து. ஒன்று அசல். மற்றது இரவுதோறும் அசலைப் பார்த்துத் திரும்ப எழுதப்படும் பிரதி. எது எதுவென்று தெரியவில்லை. தவறானதைக் கைகாட்டிவிட்டால் இன்று எல்லாம் சரியாக ஓடும். விடியும்முன் பழைய பட்டியல் வந்து புதியதை மூடிவிடும். காலை ஆறு மணிக்கு ஒன்பதாம் நாற்காலிக்கான மருத்துவக் குறிப்பு, உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம் என்ற கணக்கு, கழற்றிப்போட்ட இயந்திரத்தைத் தேடிக்கொண்டு போகும்.

ஊகத்தில் வேலை செய்யக்கூடிய இடமில்லை இது.

ஓக்னியான் எழுதிய நிரலைத் திறந்தாள். அறுநூறு வரிகள். உட்கார்ந்து படித்தால் மாலைக்குள் புரியலாம். புரிந்தது சரிதானா என்று அப்போதும் சந்தேகம் இருக்கும்.

யாவோர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுதினவனையே கேளேன்."

"வீட்டுல பேச்சு வார்த்தை இல்லைண்ணே. பிளாமெனுக்குத் தெரிஞ்சா..."

"இது உன் வீடு இல்லை. இங்க பிளாமென் பிரேக் போட முடியாது." சாக்லேட் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "ஒன்பதுல உட்காரப்போறது அவன் அம்மா. போன் பண்ணு."

நெவெனா கைபேசியை எடுத்தாள். ஏழு மணி இரண்டு நிமிடம், தவறிய அழைப்பு. அதன்மேலேயே விரலை வைத்தாள்.

ஒரே மணியில் எடுத்துவிட்டான்.

"உயிரோடயும் சுகமாவும் இருங்க அண்ணி," என்றான் ஓக்னியான். எட்டு மாதம் நடுவில் இல்லாதது போல இருந்தது குரல். "எங்கே, இந்த வருஷம் முதல் வாழ்த்துக் கணக்கு விட்டுப்போச்சோன்னு நினைச்சேன்."

நெவெனா நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பினாள். "வாழ்த்தை அப்புறம் வாங்கிக்கிறேன். ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

நடந்ததைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டான்.

"தினமும் ஒரு மெயில் வருமே அண்ணி, பட்டியலோட. அதுல என்ன போட்டிருக்கு?"

"எந்த மெயில்?"

 மறுமுனையில் அவன் சிரித்தான். "படிக்கவே இல்லையா?"

பொறுப்பு தன் தலைக்கு வந்த முதல் வாரம் நெவெனா ஒரு காரியம் செய்திருந்தாள். சர்வர் தானாக அனுப்பும் மெயில்கள் நாள்தோறும் வந்து குவிவது பிடிக்காமல், அவற்றையெல்லாம் ஒரு தனி போல்டருக்குத் தள்ளிவிடும்படி விதி போட்டாள். பிறகு அந்தப் போல்டரைத் திறக்கவே இல்லை. இப்போது திறந்தாள். இருநூற்று நாற்பத்தொன்று, படிக்காதவை. ஒவ்வொன்றுக்கும் ஒரே தலைப்பு: 'எது எது என்ன'.

கடைசியாக வந்ததைத் திறந்தாள். மேலே நான்கு வரிகள் இருந்தன.

'அண்ணி, கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்ற பட்டியல் அல்ல இது. எது சாதாரணக் கோப்பு, எது லிங்க், எது குழாய், யாருடையது, எங்கே கைகாட்டுகிறது என்ற பட்டியல். அப்கிரேட் செய்யும் நாளில் இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுசேர்க்கும் கருவி விழிக்கும் இடத்தில் இது விழிக்காது. திட்டாதீர்கள். ஓ.'

நெவெனா அந்த 'திட்டாதீர்கள்' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். எட்டு மாதமாக, ஒரு நாள் விடாமல், அவள் படிக்காத பெட்டியில் வந்து விழுந்துகொண்டிருந்த சொல்.

"ஒரு பக்கம்கூட எழுதி வைக்காமப் போயிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன் ஓக்னியான்."

"தெரியும். இங்க லின்ஸ் வரைக்கும் கேட்டுச்சு."

யாவோர் தலையைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் துடைப்பது போல ஏதோ செய்தார்.

அவள் பட்டியலில் தேடினாள். முகவரிப் பட்டியல், வகை லிங்க், கைகாட்டும் இடம் இன்னது என்று முழு வழியும் இருந்தது. இரண்டில் எது அசல் என்று ஐயமே இல்லாமல் தெரிந்தது. தன் கோப்பை எடுத்தாள். லிங்க்கைத் திரும்பப் போட்டாள். இந்த முறை அது எங்கே கைகாட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தாள். யாவோர் தன் திரைக்கு ஓடினார். ஐந்து நிமிடம் கழித்துத் தாழ்வாரத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"என்னை அடையாளம் தெரிஞ்சுடுச்சு. ஒன்பது பதிஞ்சாச்சு. சோதனையும் ஓடுது. அந்தப் பையனுக்கு என் பங்குக்கு ஒரு சாக்லேட் சொல்லு."

"நன்றி ஓக்னியான்," என்றாள் நெவெனா. அந்தச் சொல் போதவில்லை என்று தோன்றியது. "நெஜமாவே நன்றி."

"சரி அண்ணி. வச்சுடட்டுமா?"

அவன் குரலில் திடீரென்று ஒரு அவசரம். அவள் கண் பட்டியலில் இன்னொரு வரியில் போய் நின்றது. வகை, குழாய். பக்கத்தில் அவன் எழுதிய குறிப்பு: 'இதை எடுக்கும்முன் என்னைக் கேட்கவும்.'

"இரு. இந்தக் குழாய் எதுக்கு?"

காத்திருக்காமல் அவளே அதன் மறுமுனையைத் தேடிப் பார்த்தாள்.

"இதோட மறுமுனையில எதுவோ படிச்சிட்டிருக்கு. யார் படிக்கிறது?"

"நான்தான்," என்றான்.

"எதைப் படிக்கிறே?"

"ஒன்பதாம் நாற்காலியில நாலு மணி நேரம் முடிஞ்சு, ரத்தமெல்லாம் உடம்புக்குத் திரும்பினதும், இயந்திரம் ஒரு வரி எழுதும். அந்த வரி குழாய்ல விழுந்தா என் போன்ல ஒரு சொல் வரும். 'முடிஞ்சுது'ன்னு. அவ்வளவுதான் அண்ணி. பேரு கிடையாது, எடை கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்த ஒரு சொல். திங்கள், புதன், வெள்ளி பத்து மணிக்கு நான் எந்தக் கூட்டத்துல இருந்தாலும் வெளியே வந்து நின்னுடுவேன்."

நெவெனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது தப்பு ஓக்னியான். இங்க வேலை பார்க்காத ஆளுக்கு இங்கிருந்து ஒரு சொல்கூடப் போகக் கூடாது."

"தெரியும்."

"நான் எடுத்துத்தான் ஆகணும். நாளைக்கு டைரக்டர்கிட்டயும் சொல்லுவேன்."

"சொல்லுங்க. நான் பண்ணினதுன்னே சொல்லுங்க." பிறகு கேட்டான். "நாளைக்கு ஒரு நாள் மட்டும்..."

"நாளைக்கும் கிடையாது."

"சரி அண்ணி."

குழாயை எடுத்தாள். பூஜ்ய அளவுள்ள கோப்பு. அதை எடுத்ததால் வட்டில் ஒரு துளி இடம்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

---

அவள் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. கூடத்தில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். மேல்மாடி ட்சோன்கா ஏழு டூலிப் பூக்களை நீட்டி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். நெவெனா எல்லோருக்கும் சிரித்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் போனாள். பிளாமென் அடிப்பிடித்த வாணலியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஸ்டாங்கா ஸ்டூலில் உட்கார்ந்து அதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தாள்.

"நாற்காலி தயார்," என்றாள் நெவெனா. "ஓக்னியான் உதவி பண்ணினான். நான்தான் போன் பண்ணினேன்."

பிளாமெனின் பாதம் தரையை அழுத்தியது. நெவெனா அதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தன் தப்பு, படிக்காத மெயில்கள், குழாய், அதை எடுத்தது.

"ஒவ்வொரு தடவையுமா?" என்றான் பிளாமென்.

"வாரத்துக்கு மூணு. நூறுக்கு மேல இருக்கும்."

ஸ்டாங்கா மடியிலிருந்த துணியை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எப்படி இருக்கேம்மான்னு ஒரு தடவை கேட்கலையேன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றாள். "கேட்டுட்டுத்தான் இருந்திருக்கான். எனக்குத்தான் காதுல விழல."

"கேட்கிறவன் வாயால கேட்க வேண்டியதுதானே," என்றான் பிளாமென்.

"வாயால கேட்டா நீ போனை எடுத்து என்ன பதில் சொல்லியிருப்பேன்னு அவனுக்குத் தெரியாதா?" மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ அதை எடுத்தது சரி. என் சேதி எதுக்குக் குழாய் வழியாப் போகணும்? என் பெரிய பையனுக்கு ரெண்டு கை இருக்கு. மீன் பொரிக்கத் தெரியாட்டியும் ஒரு சொல் எழுதத் தெரியும்."

"நான் எழுத மாட்டேம்மா."

"எழுது, எழுதாதே. முதல்ல அந்த வாணலியைத் தண்ணியில ஊற வை. சுரண்டிச் சுரண்டி ஓட்டை போட்டுடுவே."

அவன் வாணலியைத் தொட்டியில் போட்டுவிட்டு விருந்தினர்களிடம் போய்விட்டான். ஸ்டாங்கா மருமகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.  கூடத்திலிருந்து நெவெனாவின் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் ஸ்டாங்கா கையை விட்டாள்.

---

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஒன்பதாம் நாற்காலியின் இயந்திரம் தன் முகவரியை ஒழுங்காகச் சொல்லி, ஸ்டாங்காவின் குறிப்பை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. நெவெனா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். யாவோர் உள்ளே நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஸ்டாங்கா கையில் கட்டோடு வெளியே வந்தாள். வாசலில் 'பழகுநர்' பலகையோடு பிளாமெனின் கார் நின்றது. அவன் அம்மாவைக் கைத்தாங்கலாக முன் இருக்கையில் உட்கார வைத்தான். பெல்ட்டை மாட்டினான். தன் பக்கம் வந்து உட்கார்ந்தான். சாவியைத் திருப்பவில்லை.

நெவெனா படியில் நின்றபடி பார்த்தாள். அவன் கைபேசியை எடுத்தான். எழுதினான். அழித்தான். மறுபடி எழுதினான். ஸ்டாங்கா நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் எழுதி முடிக்கும்வரை திரும்புவதில்லை என்பது போல.

கடைசியில் அவன் விரல் ஒரு தடவை அழுந்தியது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடினான்.

நெவெனா ஜன்னல் பக்கம் போனாள். அவன் கைபேசியை அவளிடம் நீட்டினான். அவன் எழுதியிருந்தது ஒரே சொல்: 'முடிஞ்சுது.'

அவள் கையில் இருக்கும்போதே அது நடுங்கியது.

'நன்றி அண்ணா. ஞாயித்துக்கிழமை ஈஸ்டருக்கு வர்றேன். சட்டைப்பையில வச்சிட்டுப் போன உறையையும் கொண்டு வர்றேன். நீ பிரிச்சுப் படிக்கணும். அதுவரைக்கும் அம்மாகிட்ட உறையைப் பத்திச் சொல்லாதே.'

"என்னடா எழுதியிருக்கான்?" என்று கேட்டாள் ஸ்டாங்கா.

பிளாமென் நெவெனாவைப் பார்த்தான். நெவெனா அவன் காலைப் பார்த்தாள். அந்தப் பாதம் பிரேக்கின்மேல் இல்லை.

"ஈஸ்டருக்கு வர்றானாம்மா," என்று சொல்லிச் சாவியைத் திருப்பினான்.